மூக்கறுப்பும் மூக்கமைப்பும்: சத்திரவைத்திய வரலாற்றில் ஓர் அதிகாரம்

தமிழ் வழக்கிலே மானத்தின் இருப்பிடம் மூக்கு. அவையிலே தலைகுனிந்தவனை மூக்கறுபட்டான் என்பர். அழகுடைய பிள்ளையை மூக்கும் முழியுமாய் இருக்கின்றது என்பர். இராமகாதையின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி சூர்ப்பணகை மூக்கிழந்தது. இவ்வழக்குக்கள் வெறும் சொல்லலங்காரமாகப் பிறந்தன அல்ல. மூக்கை அரிதல் பாரத நாட்டிலும் ஈழத்திலும் நெடுங்காலம் அரசர் விதித்த தண்டமாகவும், போரிலே பகைவரை இழிவுசெய்யும் முறையாகவும் இருந்து வந்தது. கையையிழந்தவன் அதனைச் சால்வைக்குள் மறைக்கலாம். மூக்கையிழந்தவன் எதனுள் மறைவான்? ஒருவனைக் கொல்லாது விட்டு, அவன் உயிரோடிருக்கும் நாளெல்லாம் அவமானத்தைச் சுமக்கச் செய்வதே அத்தண்டத்தின் நோக்கம். அந்நோக்கத்தைத் தோற்கடித்த ஒரு வைத்தியக் கலையின் வரலாறு ஈண்டு ஆராயப்படுகின்றது.

தென்னாட்டு வரலாற்றிலே இக்கொடுமை பெருந்தொகையாக நிகழ்ந்த ஒரு போர் உண்டு. கி. பி. 1656 அளவில் மைசூர் மன்னன் கந்திரவ நரசராசனின் படை சத்தியமங்கலம் வழியாக இறங்கி மதுரை நாட்டினுட் புகுந்தது. அப்படையினர் எதிர்ப்பட்ட ஆண் பெண் குழந்தை என்ற வேறுபாடின்றி மூக்கை அரிந்து, மூட்டைகளாகக் கட்டித் தம் அரசனுக்கு அனுப்பினர் என்பர். மேலுதட்டோடு சேர்த்து அரிவதற்கென ஒரு கருவியே அவர்களிடம் இருந்ததென அக்காலத்து இயேசு சபைக் குருமாரின் கடிதங்கள் கூறும். மதுரையில் திருமலை நாயக்கர் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். இராமநாதபுரத்து இரகுநாத சேதுபதி பெரும்படையோடு வந்து மைசூர்ப்படையைத் துரத்தினார். பின்னர் நாயக்கரின் தம்பி குமாரமுத்துவின் தலைமையிலே மதுரைப்படை மைசூர் நாட்டினுட் சென்று, அந்நாட்டவரின் மூக்கை அரிந்து பழிதீர்த்தது. மூக்கறுப்புப் போர் என்று இது பெயர்பெற்றது. இரு திறத்திலும் மூக்கிழந்தோர் படைத்தலைவரும் மன்னரும் அல்லர்; உழவரும் ஏவலாளருமே. வெற்றியைப் பாடிய புலவர் பலர். அம்மக்கள் பின்னர் என்ன ஆயினர் என்று கேட்டவர் மிகச் சிலர்.

அவ்வாறு கேட்டவருள் ஒருவர் வெனிசு நகரத்தவரான நிக்கொலாவோ மனூச்சி. மொகலாயர் ஆட்சியிலே வைத்தியம் பார்த்துப் பின்னர் சென்னையிற் குடியமர்ந்து பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த இவர், தக்கணத்துப் போர்களில் மூக்கிழந்தவர்களைப் பற்றித் தம் நூலில் எழுதியுள்ளார். அந்நாட்டு வைத்தியர் புருவத்துக்கு மேலுள்ள நெற்றித் தோலை அறுத்துக் கீழே மடித்து, ஒரு முறுக்கு முறுக்கி, மூக்கின் புண்மீது பொருத்தி ஆற்றுவர் என்பது அவர் கூற்றின் சாரம். அவ்வாறு மூக்குப் பெற்றவர் பலரைக் கண்டதாகவும் அவர் கூறுவார். ஐரோப்பாவில் இம்முறையைப் பற்றிய ஆரவாரம் எழுந்தது அதற்கு ஏறக்குறைய நூறாண்டின் பின்னரே.

அவ்வாரவாரத்துக்குக் காரணமானவன் காவஸ்ஜி என்னும் மராட்டிய உழவன். கி. பி. 1792 இல் முடிவுற்ற மூன்றாம் மைசூர்ப் போரிலே ஆங்கிலப் படைக்கு எருது ஓட்டியவன் அவன். திப்பு சுல்தானின் படையினர் கையிற் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தான். ஏறக்குறைய ஓராண்டு மூக்கின்றி இருந்தபின், பூனாவுக்கு அணித்தாக வாழ்ந்த ஒருவர் அவனுக்குப் புதுமூக்கு அமைத்தார். அவர் பட்டம்பெற்ற வைத்தியரல்லர். செங்கல் அறுக்கும் குலத்தவர். தோமஸ் குரூசோ, ஜேம்ஸ் பின்லே என்னும் பம்பாய் மாகாண ஆங்கிலச் சத்திரவைத்தியர் இருவர் அச்சிகிச்சையை நேரிற் பார்த்தனர். ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் காவஸ்ஜியின் முகத்தை வரைந்தார். கி. பி. 1794 ஒக்டோபரில் இலண்டனில் வெளிவந்த ஜென்ரில்மன்ஸ் மகசின் என்னும் சஞ்சிகையிலே படத்தோடு அச்செய்தி அச்சாயிற்று.

அச்செய்தி கூறும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. முதலில் மெல்லிய மெழுகுத் தகடொன்றை மூக்கிருந்த இடத்திலே பொருத்தி, வேண்டிய மூக்கின் வடிவாகப் பிடிப்பர். பின்னர் அத்தகட்டைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து அதன் ஓரமாகக் கோடு கீறுவர். வளைந்த மூக்கை மூடுவதற்கு எவ்வளவு தட்டையான தோல் வேண்டும் என்னும் கணக்கை எழுத்தும் எண்ணுமின்றி அம்மெழுகே தீர்த்துவிடுகின்றது. மண்ணைக் கையாற் பிடித்து உருவாக்கிப் பழகிய குலத்தவர்க்கு இவ்வுபாயம் இயல்பாகவே தோன்றியிருத்தல் கூடும். கீறிய கோட்டின்படி தோலை உரித்தெடுப்பர்; ஆயினும் இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு காம்பை மாத்திரம் அறுக்காது விடுவர். புதுத்தோல் வேரூன்றும் வரை அதற்குக் குருதி ஊட்டுவது அக்காம்பே. கண்ணின் உட்கோணத்துக்கு மேலே நெற்றியை நோக்கிச் செல்லும் சிறு நாடி அதனூடாக ஓடுகின்றது. அந்நாடியின் பெயரை அச்செங்கற்காரர் அறிந்திரார். காம்பை அறுத்தால் தோல் கறுத்துச் சாகும் என்பதை அறிந்திருந்தார்.

அதன்பின் மூக்கடியின் ஆறிய வடுவைச் சீவிப் பச்சைப்புண் ஆக்குவர். பழைய வடுவின்மேல் எதுவும் ஒட்டாது; புண்ணோடு புண் சேர்ந்தாலன்றி ஒட்டுதல் இல்லை. நெற்றித்தோலைக் கீழே கொணர்ந்து, மேற்புறம் வெளியே தெரியும்படி காம்பைத் திருகி, புண்ணின் ஓரத்திற் கீறிய பள்ளத்திலே பொருத்துவர். தையல் இல்லை. காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணித்துண்டுகளிற் பூசி, ஐந்தாறு துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக இடுவர். வெற்றிலையோடு வாயிலிட்டு மெல்லுகின்ற அதே காசுக்கட்டிதான். அதன் துவர்ப்பு குருதிக் கசிவை அடக்கித் தோலை இறுகப் பிடித்தது. நான்கு நாள் கட்டை அவிழ்ப்பதில்லை. பின்னர் நெய்யில் தோய்த்த துணி இடுவர். பத்தாம் நாளளவில் நாசித்துவாரங்கள் ஒட்டி மூடிவிடாதபடி மென்துணித் திரி நுழைப்பர். ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் காம்பை அறுத்து, எஞ்சியதைச் சீர்செய்வர். நோயாளி முதல் ஐந்தாறு நாள் மல்லாந்தே கிடத்தல் வேண்டும்.

அச்செய்தியிலே நோயாளியின் பெயர் உண்டு. பார்த்த சத்திரவைத்தியரின் பெயர் உண்டு. படம் வரைந்தவரின் பெயரும் உண்டு. சிகிச்சை செய்தவரின் பெயர் மாத்திரம் இல்லை.

இக்கலையைச் சுசுருதசங்கிதையிலிருந்து வந்ததெனக் கூறிவிட்டு மேலே செல்வது பலர் வழக்கம். அக்கூற்றைச் சற்று நிறுத்தியே ஏற்றல் வேண்டும். சங்கிதையின் சூத்திரஸ்தானத்துப் பதினாறாம் அத்தியாயம் மூக்கமைக்கும் முறையைக் கூறுவது மெய்யே. ஆனால் அங்கே தோல் எடுக்கப்படுவது கன்னத்திலிருந்து, நெற்றியிலிருந்து அன்று. அறுபட்ட மூக்கின் அளவாக ஓர் இலையை வெட்டி, அதன்படி கன்னத்துத் தோலை அறுத்தெடுத்து, மூக்கின் நுனியிலே பொருத்தி, இரு குழல்களை உள்ளே நிறுத்தி உயர்த்தி, பதங்கம், அதிமதுரம், அஞ்சனம் என்பவற்றின் பொடியைத் தூவி, பஞ்சால் மூடி எள்ளெண்ணெய் தெளிக்க வேண்டும் என்பது அந்நூல் விதி. நெற்றித்தோல் முறை எந்நூற்றாண்டில், எவர் கையிற் பிறந்தாலும், அது நூலை ஓதியவரால் அன்றிக் கைத்தொழில் மரபினராற் பேணப்பட்டது. இமயச் சாரலிலே காங்கிராப் பகுதியில் வாழ்ந்த சில குடும்பத்தவரும் இதனைத் தந்தை மகனுக்குக் காட்டும் குலவித்தையாகவே வைத்திருந்தனர். நூலுக்கும் கைக்கும் இடையில் எங்கோ ஒரு பிளவு நேர்ந்துவிட்டது. பூசணி, சுரை, வெள்ளரி முதலியவற்றை அறுத்து மாணாக்கன் கைபழகல் வேண்டும் என்றும், பிணத்தை ஓடுநீரில் ஊறவைத்து உறுப்புக்களைக் கண்ணாற் கண்டறிதல் வேண்டும் என்றும் விதித்த நூல் சுசுருதம். அதனைப் பின்வந்தோர் மனனஞ் செய்தனர். பூசணிக்காயைக் கறிக்கு விட்டுவிட்டனர். கத்தி தாழ்ந்தோர் கைக்கருவி என ஒதுக்கப்பட்டது. பழம்பெருமை பேசும்பொழுது இதனையும் சேர்த்துப் பேசுதல் நேர்மையாகும்.

இனி மூக்கின் எலும்பைப் பற்றிக் கூறல் வேண்டும். கலை வளர்ந்த வழி அதனாலேயே விளங்கும். மூக்கு முழுவதும் எலும்பு அன்று. இரு கண்களுக்கிடையே கையால் தொட்டறியக்கூடிய மேற்பகுதி மாத்திரமே எலும்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய எலும்புகள் நடுவிலே கூடிக் கூரை முகடுபோல நிற்கின்றன. அதன் கீழ்ப்பகுதி வளையுந் தன்மையுடைய குருத்தெலும்பு. ஈழத்துப் பாடநூல்கள் கசியிழையம் என்பது இதனையே. அரிவோர் கத்தி பெரும்பாலும் இக்கீழ்ப்பகுதியையே கொண்டுசென்றது. மேலெலும்பு நின்றுவிட்டது. ஆகவே நெற்றியிலிருந்து இறங்கிய தோலுக்கு ஒரு தாங்கி இருந்தது; பூனாவின் செங்கற்காரர் பெற்ற வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம். கிரந்தி முதலிய நோயினால் எலும்பும் நடுச்சுவரும் அரித்துப்போனவர்க்கு இதே சிகிச்சையைச் செய்தபொழுது, புதுமூக்கு காலப்போக்கிலே தாழ்ந்து சுருங்கியது. தோலை மாத்திரம் இரவல் பெற்றால் போதாது, உள்ளே கட்டடமும் வேண்டும் என்பதை ஐரோப்பியச் சத்திரவைத்தியர் பல தோல்விகளின் பின்னரே உணர்ந்தனர்.

உடைந்த மூக்கெலும்பை நிமிர்த்தும் முறை மிகப் பழையது. எகிப்து நாட்டிலே கி. மு. 1600 அளவில் எழுதப்பட்டதும் எட்வின் சிமித் ஏடு என வழங்குவதுமான நாணற்சுவடி, மூக்குடைந்தவனுக்கு நெய்ப்பிட்ட துணித்திரிகளை நாசியினுள்ளே இட்டு, வெளியே விறைப்பான துணிச்சுருள்களை அணைத்துக் கட்டும்படி கூறும். சுசுருதரும் சிகிச்சாஸ்தானத்திலே, பதிந்த மூக்கெலும்பைச் சலாகையால் நிமிர்த்தி, இருபுறமும் வாயுடைய குழல்களை நாசிகளில் வைத்துக் கட்டி நெய் தெளிக்க விதித்தார். குழல் எலும்பைத் தாங்குகின்றது. அதன் துவாரம் மூச்சுக்கு வழிவிடுகின்றது. இவ்விரண்டு தேவையையும் ஒரு கருவியால் நிறைவேற்றிய நுட்பம் பாராட்டற்பாலது.

ஐரோப்பாவிலும் இக்கலை முதலிற் குலவித்தையாகவே இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டிலே சிசிலித் தீவின் பிராங்கா குடும்பத்தவர் அதனை மறைவாகச் செய்துவந்தனர். பொலோனா நகரத்துப் பேராசிரியர் காஸ்பரே தலியாகோற்சி கி. பி. 1597 இல் அதனை விரிவான நூலாக வெளியிட்டார். அவர் முறையிலே தோல் மேற்கையிலிருந்து எடுக்கப்பட்டது. கை தலையோடு பிணைக்கப்பட்டு நாட்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். நூல் அச்சேறியும் கலை வழக்கொழிந்தது. எனவே எழுதிவைத்தால் எதுவும் அழியாது என்பதும் முற்றிலும் உண்மையன்று. நூலைக் கையிலேந்திச் செய்து காட்டுவார் தொடர்ச்சியாக வேண்டும்.

1794 ஆம் ஆண்டுச் செய்தி இலண்டனிலே யோசேப்பு கார்ப்பியூ என்னும் சத்திரவைத்தியரின் சிந்தையிற் பதிந்தது. அவர் இந்தியாவிலிருந்து வந்தோரை விசாரித்தார். பிணங்களில் மீண்டும் மீண்டும் செய்து பழகினார். இசைந்துவரும் நோயாளி ஒருவனுக்காக ஆண்டுகள் பல காத்திருந்தார். கி. பி. 1814 ஒக்டோபர் 23 ஆம் நாள் ஓர் இராணுவ அதிகாரிக்கு முதற் சிகிச்சையைச் செய்தார். மயக்கமருந்து என ஒன்று இல்லாத காலம் அது. பின்னர் போரில் முகம் வெட்டுண்ட இன்னோர் அதிகாரிக்கும் செய்து, இரண்டையும் 1816 இல் நூலாக்கினார். இரண்டாண்டின்பின் பெர்லினில் கிறேபே இக்கலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரையே தம் நூலுக்கு இட்டார்.

கார்ப்பியூ முதல்முறை கத்தியெடுத்த அதே பருவத்திலே ஈழத்தில் வேறொரு காட்சி நிகழ்ந்தது. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன், ஆங்கிலேயர் ஆட்சிப்பகுதியிலிருந்து சென்ற வணிகர் பதின்மரை ஒற்றரென ஐயுற்று, மூக்கு, காது, கை என்பவற்றை அரியச் செய்தான். எழுவர் இறந்தனர். எஞ்சிய மூவர் அறுபட்ட உறுப்புக்கள் கழுத்திலே தொங்கக் கொழும்பை அடைந்தனர். 1815 இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றுவதற்கு இக்கொடுஞ்செயல் வாய்ப்பான காரணமாயிற்று. போருக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோர்க்கு அம்மூவர் முகமும் பயன்பட்டது. அம்முகங்களுக்கு எவரும் பயன்பட்டதாக வரலாற்று நூல்கள் பேசவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலை திசைமாறிற்று. இழந்த மூக்கை ஆக்குவதோடு, இருக்கும் மூக்கின் எலும்பைத் திருத்துவதும் அதன் வேலையாயிற்று. மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் வந்தபின்னரே இது கைகூடிற்று. அமெரிக்காவில் ஜோன் ரோ 1887 இல் வெளியே தழும்பு தோன்றாதபடி நாசியினுள்ளிருந்தே மூக்கின் நுனியைத் திருத்தினார். பெர்லினில் யாக் யோசேப்பு 1898 இல் பெரிய மூக்கினால் மக்கள் முன் வர நாணியிருந்த ஒருவனுக்குச் சிகிச்சை செய்தார். உடலில் நோயில்லாதவன்மேல் கத்தி வைக்கலாமா என்னும் கேள்வி அன்று எழுந்தது. உடற்குறையினால் உள்ளம் வாடுதலும் நோயே என்பது யோசேப்பின் விடை. பிறர் நகைப்புக்கு அஞ்சி வீட்டினுள் ஒடுங்கியவனை அறிந்தவர் அவ்விடையை எளிதில் மறுக்கமாட்டார். ஆயினும் நாகரிகத்தின் பேரால் எல்லா மூக்கையும் ஒரே அச்சில் வார்க்க முயலும் இன்றைய வழக்கத்துக்கும் அதே விடையையே கூறுகின்றனர்.

எலும்பைத் திருத்தும் முறையை ஓலைவீட்டின் கூரையைக் கொண்டு விளக்கலாம். மூக்கின் மேடு உயர்ந்திருந்தால் முகட்டை அரிந்து தாழ்த்துவர். முகடு போனபின் இரு சாய்வுகளும் ஒன்றையொன்று தொடாது விலகி நிற்கும். மேலே தோலினூடாகத் தட்டையும் இடைவெளியும் தெரியும். ஆகவே இரு பக்கத்து எலும்புகளையும் கன்னத்தோடு கூடும் அடியிலே வெட்டி உள்நோக்கித் தள்ளி, மீண்டும் முகடு கூடச் செய்தல் வேண்டும். யோசேப்பு இதற்குச் சிறு வாள்களை அமைத்தார். பின்வந்தோர் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமுள்ள உளியை மேலாகக் கொண்டனர். உளி சிறிதாயின் எலும்பின் உள்ளுறை கிழியாது நின்று, வெட்டிய துண்டைத் தாங்கும். மிகுதியாக உள்ளே தள்ளினால் மூச்சுவழி ஒடுங்கும். அழகுக்கும் மூச்சுக்கும் இடையிலுள்ள இவ்வெல்லை சில மில்லிமீற்றரே.

முகட்டை அரியாமலே மூக்கைத் தாழ்த்தலாகாதா என்று சிந்தித்தவரும் உளர். பொஸ்ரனில் குடேல் 1899 இல், நடுச்சுவரிலிருந்து ஒரு கீற்றை நீக்கி, எலும்பை அடியிலே வெட்டி, கூரை முழுவதையும் கலையாது கீழே இறக்கினார். லோத்திறப் 1914 இலும் கொற்றில் 1954 இலும் அவ்வழியிற் சென்றனர். நெடுங்காலம் பெரும்பாலோர் யோசேப்பின் வழியையே பின்பற்றினர். இந்நூற்றாண்டில் குடேலின் கருத்து மீண்டும் தலையெடுத்துள்ளது. எலும்பை மாத்திரம் வெட்டி மெல்லிய தசையைத் தீண்டாது விடும் மீயொலிக் கருவிகளும் உளிக்குத் துணையாக வந்துள்ளன. முதல் உலகப்போரிலே முகம் சிதைந்தோர்க்கென 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப்பில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் ஹரோல்ட் கில்லீஸ், உள்ளே குருத்தெலும்பைத் தாங்கியாக வைத்து மேலே நெற்றித்தோலைப் போர்த்தார். உறை பூனாவினது, உட்கட்டடம் புதியது.

யாழ்ப்பாணத்துக்கு இவ்வரலாற்றிற் பங்கில்லை என்று கருதலாகாது. யாழ்ப்பாணத்தரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்பன நோயும் மருந்தும் வகுத்துக் கூறும் நூல்கள். உடலை அறுத்தறியும் வித்தை தமிழிலே நூலும் பள்ளியுமாக அமைந்தது டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனாலேயே ஆகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த இவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 முதல் மானிப்பாயில் மாணாக்கர்க்கு வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1864 அளவில் தமிழுக்கு மாறினார். மதம் பரப்பும் நோக்கோடு வந்தவர் என்பதிற் சைவமக்களுக்கு மனக்குறை இருந்தது இயல்பே. எனினும் கிராமத்தில் வாழ்ந்து தொழில்செய்ய வேண்டிய வைத்தியனுக்குக் கிராமத்து மொழியிலேயே கல்வி வேண்டும் என்பதை அக்காலத்துத் தமிழ்ப் பெரியோர் பலரினும் தெளிவாகக் கண்டவர் அவர்.

அவர் முயற்சியால் துருவிற் என்பவரின் சத்திரவைத்திய நூல் 1867 இல் இரணவைத்தியம் என வெளிவந்தது. கிறே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872 இல் மனுஷ அங்காதிபாதம் எனத் தமிழாயிற்று. மூக்கெலும்பு முதலாக உடலின் எலும்பு ஒவ்வொன்றின் வடிவும் கூட்டும் மானிப்பாய் மாணாக்கனுக்குத் தாய்மொழியிலே கிடைத்தன. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழையும், அது உதவாவிடத்து வடமொழியையும், இரண்டும் உதவாவிடத்து ஆங்கிலத்தையும் நாடுவது அவர் கொண்ட முறை. கிறீனும் அவர் மாணாக்கரும் சேர்ந்து ஆக்கிய நூல்கள் நாலாயிரம் பக்கத்துக்கு மேற்பட்டன. தமிழறிந்த மாணாக்கர் துணையின்றி அவை ஆகியிருக்க மாட்டா. அவர்கள் உழைப்பையும் கிறீனின் பெயருக்குள்ளேயே அடக்கிவிடுதல் முறையன்று.

1870 இல் கொழும்பிலே அரசினர் வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. கிறீன் 1873 இல் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1884 இல் காலமானார். உத்தியோகத்துக்கு ஆங்கிலச் சான்றிதழ் வேண்டியிருந்தமையால், தமிழிற் கற்பிக்கும் பள்ளி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவபீடம் 1978 இல் தொடங்கியபொழுதும் போதனாமொழி ஆங்கிலமே. மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இரணவைத்தியத்தைத் தேடுவோர் பழைய நூற்சேகரங்களில் தேடல் வேண்டும்.